போர்வையின் மறுமுனை

1

"அந்த எடத்துல நிறுத்தினா கேமே செத்துடும், அண்ணி..."

"நிறுத்தலன்னா கேமே வெளிய வராது, அத மொதல்ல..."

"வராட்டி போகட்டும்!"

"போகட்டுமா? யாரு வீட்டுப் பணத்த..."

"நான் சொல்றத முழுசாக் கேளுங்க..."

"முழுசாத்தான் கேட்டுக்கிட்டிருக்கேன், தம்பி, தெனம் முழுசாத்தான் கேக்கறேன்! எங்கிட்ட கத்தி என்ன பிரயோஜனம்? ஃபெயில்னு போட்டது நானா?"

"போட்டது அவங்க. தலையாட்டினது நீங்க."

இந்த இடத்தில் கீழே ஒரு சலவை மெஷின் சுழலத் தொடங்கிவிட்டது. அதற்குப் பிறகு எனக்கு ஒன்றும் கேட்கவில்லை.

நடந்தது இவ்வளவுதான். வெளுக்கப் போட்டிருந்த திரைச்சீலைகளை வாங்கச் சலவைக் கடையில் நின்றிருந்தேன். கடைக்காரம்மா என் மூட்டையைக் காணோமென்று தேடிக்கொண்டிருந்தார். மாடியிலிருந்து இந்தச் சண்டை, ஒழுகும் கூரை வழியே தண்ணீர் சொட்டுவதுபோல இறங்கிவந்தது. நான் அண்ணாந்து பார்ப்பதைக் கண்டு, "அது கேம் கம்பெனிம்மா. அண்ணியும் கொழுந்தனும். வாய்தான் பெருசு. மத்தியானம் ஆனா ரெண்டு பேரும் ஒரே டப்பாவுலதான் சாப்பிடுவாங்க" என்றார் அவர்.

எனக்குக் கதைகள் பேச்சாகத்தான் வரும். முகம் பிறகு வரும். சில சமயம் வராமலே போய்விடும். இந்தச் சில வரிகளை வீட்டுக்கு வரும் வழியெல்லாம் வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டே வந்தேன். திரைச்சீலையைக் கடையிலேயே வைத்துவிட்டு வந்தது வீடு வந்த பிறகுதான் தெரிந்தது. மிச்சமெல்லாம் என் கைச்சரக்கு. முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், பிறகு வந்து என் சட்டையைப் பிடிக்காதீர்கள்.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்:

[மேகங்கள் கவிந்திருந்த அந்த மாலைப் பொழுதில், நெரிசலான தெருவொன்றில்]

மேகத்துக்கு இந்தக் கதையில் ஒரு வேலையும் இல்லை. அனுப்பிவிட்டேன்.

அடுத்தது:

[டிவியோடு இணைத்து விளையாடும் கன்சோல் என்னும் பெட்டியைச் செய்யும் நிறுவனங்கள் தாமே சில கேம்களைத் தயாரிக்கின்றன. மற்றவற்றை வெளியிலுள்ள வெளியீட்டாளர்களிடமிருந்து]

இது கட்டுரை. கட்டுரைக்கும் மரியாதை உண்டு. ஆனால் நடைவழியில் சப்பணமிட்டு உட்கார்ந்துகொண்டால் யாரும் உள்ளே வர முடியாது. இருந்தாலும் இதைச் சொல்லாமல் கதை நகராது. ஆகவே நமக்குப் பழக்கமான வழியில் சொல்கிறேன்.

ஒரு வீட்டுக்காரர். மாடியை வாடகைக்கு விட்டிருக்கிறார். வாடகைக்கு இருப்பவர்கள் சுவரில் ஆணி அடிக்கக் கூடாது, பால்கனியில் துணி தொங்கக் கூடாது, விருந்தாளி வந்தால் முன்பே சொல்ல வேண்டும். அதே வீட்டுக்காரரின் மகன் ஒரு நாள் கூடத்துச் சுவரை இடித்து ஜன்னல் வைக்கிறான். "பையனுக்கு வெளிச்சம் வேணுமாம்" என்கிறார் அவர், பூரிப்போடு. வீட்டுக்காரர் கொடுமைக்காரர் இல்லை. வாடகைக்கு ஆள் வராவிட்டால் வீடு வீடாக இருக்காது என்று அவருக்குத் தெரியும். படியில் பார்த்தால் நலம் விசாரிப்பார். "நீங்களும் எங்க குடும்பம் மாதிரிதான்" என்பார். அந்த 'மாதிரி'க்குள்தான் எல்லாம் இருக்கிறது.

பெட்டிக்காரர்கள் வீட்டுக்காரர். அவர்கள் சொந்தமாகச் செய்யும் கேம்கள் வீட்டுப் பிள்ளைகள். நம் அண்ணி மாடியில் வாடகைக்கு இருப்பவள்.

இனி அந்த விட்டுப்போன பதில். 'தலையாட்டினது நீங்க' என்று கொழுந்தன் சொன்னதற்கு அண்ணி என்ன சொல்லியிருப்பாள்? மூன்று எழுதிப் பார்த்தேன்.

"ஆமா, ஆட்டினேன். எல்லாம் உனக்காகத்தான்." (இதைச் சொல்கிற அண்ணியை எனக்குப் பிடிக்கவில்லை. சொன்ன கையோடு கண்ணைத் துடைத்துக்கொள்வாள்.)

அவள் பதிலே சொல்லாமல் ஜன்னலைப் பார்த்தாள். (ஜன்னலைப் பார்ப்பது எழுதுகிறவர்களுக்கு வேறொன்றும் தோன்றாதபோது பாத்திரங்கள் செய்கிற காரியம்.)

"தலையாட்டறது என் தொழில்டா. ஆட்டிக்கிட்டே என்ன பண்ணுவேன்னு உனக்குத் தெரியாது."

இது அவள் குரல். இந்த ஒரு வரி வந்த பிறகுதான் எனக்கு அவள் முகமும் வந்தது.

3

அண்ணி இந்தத் தொழிலுக்கு வருமுன் விமான நிலையத்துக் கவுன்டரில் வேலை பார்த்தவள். பயணிகளின் பைகளை எடை போட்டு, கூடுதலாக இருந்தால் பல் தெரியச் சிரித்துக்கொண்டே "முடியாதுங்க" என்று சொல்வது அவள் வேலை. எத்தனையோ பேர் அவளைப் பார்த்துக் கத்தியிருக்கிறார்கள். ஒருவர் தன் செருப்பைக் கழற்றி எடைமேடையில் வைத்து, "இதையும் போட்டுக்கோ" என்றிருக்கிறார். அவள் அதையும் எடை போட்டுச் சொன்னாள். சட்டம் வேறு, அதைச் சொல்கிற வாய் வேறு என்பதை அங்கேதான் கற்றாள்.

கொழுந்தன், அதாவது அவள் கணவரின் தம்பி, சலவைக் கடை வாசலில் நின்று இரண்டு பெண்கள் போர்வை மடிப்பதைப் பார்த்து ஒரு கேம் செய்ய ஆரம்பித்தவன். பாதி செய்ததை அண்ணிக்குக் காட்டினான். அவள் விளையாடிவிட்டு அடுத்த மாதமே வேலையை விட்டு, அதை வெளியிட ஒரு சின்ன நிறுவனம் தொடங்கினாள். நடுவில் இருந்த அண்ணன்? அவர் ஒரு பக்கமும் சேராமல் தட்டு கழுவிக்கொண்டிருந்தார். இந்தக் கதையில் அவருக்கு அவ்வளவுதான் இடம். கேட்டால் அதுவே நிம்மதி என்பார்.

கேமின் பெயர் 'மடிப்பு'. ஒரு சலவைக் கூடம். நீங்கள் போர்வையின் ஒரு முனையைப் பிடித்திருக்கிறீர்கள். மறுமுனையில் ஒருத்தி. இருவரும் சேர்ந்து மடிக்க வேண்டும். கையிலுள்ள கன்ட்ரோலரை அசைத்து, அழுத்தி, அவள் கைக்கு ஈடுகொடுத்து. மடிக்க மடிக்க அவள் பேசிக்கொண்டே இருப்பாள். சுடுவது, வெட்டுவது எதுவும் கிடையாது. அவளுக்கு இன்று இங்கே கடைசி நாள். வேறு ஊரில் வேறு வேலை காத்திருக்கிறது என்பது போகப்போகத் தெரியும். ஆனால் நீங்கள் முனையைப் பிடித்திருக்கும்வரை அவளால் கிளம்ப முடியாது. போர்வைகள் வந்துகொண்டே இருக்கும். அவளும் மடித்துக்கொண்டே இருப்பாள்.

எப்படி முடியும்? நீங்கள் கன்ட்ரோலரைக் கீழே வைத்துவிட வேண்டும். யாரும் தொடாமல் கிடந்தால் கன்ட்ரோலர் சற்று நேரத்தில் தானாகவே அணைந்துவிடும் அல்லவா? அது அணையும் கணத்தில் அவள் உங்கள் பக்கத்து முனையையும் தானே எடுத்து, தனியாக மடித்து, அலமாரியில் வைத்துவிட்டு, கதவைத் திறந்து போய்விடுவாள். ஆட்டத்தை முடிக்க ஆடாமல் இருக்க வேண்டும்.

மறுமுனைக்காரியின் குரல் யாருடையது? நடிக்க ஆள் பிடிக்க வழியில்லாததால் அண்ணியே பேசினாள். முதல் நாள் பதிவில், "தங்கள் வருகைக்கு நன்றி" என்கிற தொனியில் பேசினாளாம். "அண்ணி, இது போர்வை. ஃப்ளைட் இல்ல" என்று கொழுந்தன் தலையில் அடித்துக்கொண்டான்.*

* பதிவு நடந்தது துடைப்ப அறையில். பெட்டிக்காரர்கள் கேமைச் சோதிக்க ஒரு தனிப்பெட்டியை இரவலாகத் தருவார்கள். அதைப் பூட்டுப் போட்ட அறையில் வைத்திருக்க வேண்டும், அறையைப் படமெடுத்து அனுப்பவும் வேண்டும். அந்த அலுவலகத்தில் பூட்டு உள்ள ஒரே அறை துடைப்பமும் வாளியும் வைக்கும் அறை. "தொடப்பத்த மட்டும் வெளிய வெச்சுட்டு எடு, தம்பி" என்றாள் அண்ணி. 'அறை மிக நேர்த்தியாக உள்ளது' என்று பதில் வந்தது. அன்றிலிருந்து கொழுந்தன் வாளிகளுக்கு நடுவில்தான் வேலை செய்கிறான்.

4

பெட்டிக்காரர்கள் பக்கத்தில் வெளியாரோடு பேசுவதற்கென்றே ஒருவர் இருந்தார். அண்ணி அவருக்கு வைத்த பெயர் வாசல்காரர். "உள்ளயும் இல்ல, வெளியயும் இல்ல. எப்பப் பாத்தாலும் நிலைப்படியிலயே நிக்கிறாரு."

பெட்டிக்காரர்களின் சோதனையில் தேறினால்தான் எந்தக் கேமும் வெளிவரும். 'மடிப்பு' ஃபெயில் என்று முடிவு வந்த அன்று அவரே திரையில் வந்தார். பின்னால் ஒரு செடி. செடிக்குப் பின்னால் அவருடைய நிறுவனத்தின் பெரிய எழுத்து.

"மேடம், மடிப்ப நான் ரெண்டு வாட்டி விளையாடிட்டேன். எங்க வீட்டுல இப்ப போர்வைய யாரு மடிக்கறதுன்னு ஒரே சண்டை."

"ரொம்ப சந்தோஷம் சார். அப்ப ஏன் ஃபெயில்?"

"அது டெஸ்டிங் பிரிவு. நான் வேற, அவங்க வேற."

"காரணம்?"

"கன்ட்ரோலர் அணைஞ்சா கேம் உடனே நிக்கணும் மேடம். 'கன்ட்ரோலர் துண்டிச்சிருக்கு, திரும்ப இணைங்க'ன்னு அறிவிப்பு வரணும். உங்க கேம்ல அணைஞ்சப்புறம்தான் கதையே நடக்குது. நாங்க எப்படி விடறது?"

அண்ணி பல் தெரியச் சிரித்தாள். எதிர்ப்பக்கம் இருந்தவரும் அதே சிரிப்பைச் சிரித்தார். இரண்டு கவுன்டர்கள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன.

"விலக்கு கேக்க முடியாதா சார்?"

"கேட்டுப் பாக்கறேன் மேடம். நீங்க எங்க குடும்பம் மாதிரி."

வெள்ளிக்கிழமைக்குள் திருத்தி அனுப்ப வேண்டும். அனுப்பினால், பெட்டியை இயக்கியதும் திரையில் வரும் கேம் கடையின் முதல் பக்கத்தில் சில நாள் 'மடிப்பு' நிற்கும். தவறினால் அந்த இடம் வேறொருவருக்கு. 'மடிப்பு' எங்கோ அடியில், ஆயிரத்தோடு ஆயிரத்தொன்றாக. வேறு பெட்டிக்கு எடுத்துப் போகலாமே என்பீர்கள். முடியாது. முதல் ஒரு வருடம் வேறு யாருக்கும் தருவதில்லை என்பது அந்த முதல் பக்கத்துக்காக அண்ணி கொடுத்த வாக்கு. கொழுந்தன் சொன்ன 'தலையாட்டல்' அதுதான். முதல் பக்கம் கிடைக்காவிட்டால் மாடியைக் காலி செய்ய வேண்டியிருக்கும். அண்ணி மறுபடியும் யாருடைய செருப்பையாவது எடை போடப் போவாள். அது அவளுக்குப் பெரிதல்ல. கேமின் முடிவின்மேல் ஒரு அறிவிப்புப் பலகையை ஒட்டிவிட்டால் கொழுந்தன் இன்னொரு கேம் செய்யவே மாட்டான். அதுதான் அவளை அரித்தது.

5

இங்கே எழுத்து நின்றுவிட்டது. வாசல்காரர்தான் காரணம்.

அவரை வில்லனாக்கத்தான் நினைத்திருந்தேன். பெரிய நிறுவனம், சின்ன அண்ணி, நடுவில் ஒரு கல்நெஞ்சக்காரர். கதை தானே ஓடும். ஆகவே அவரை அலட்சியமாகக் கொட்டாவி விட வைத்தேன். கொட்டாவி விட்டுவிட்டு, "மன்னிச்சுக்குங்க மேடம், பாப்பாவுக்குக் காய்ச்சல், தூக்கமில்ல" என்றார். [அவர் ஏளனமாகப் புருவத்தை உயர்த்தி] என்று எழுதினேன். புருவம் உயர்ந்தது, ஆனால் கேட்டது, "அந்த மறுமுனைக் குரல் உங்களோடதா? அட!" என்பதுதான். மூன்றாவது முறை மின்னஞ்சலுக்குப் பதிலே போடாமல் விட வைத்தேன். அன்று மாலை அவரே தொலைபேசியில் அழைத்துவிட்டார்.

எப்படித் திருப்பினாலும் இந்த ஆள் கெட்டவராக மாட்டேன் என்கிறார். பெரிய இடங்கள் வெளியாரை நடத்தும் விதமே இதுதானோ என்னவோ. உங்களுக்கு எதிராக ஒருவரும் இருக்க மாட்டார்கள். எல்லோரும் உங்கள் பக்கம்தான். எல்லோருக்கும் உங்கள் கேம் பிடித்திருக்கும். முடிவு மட்டும் வேறெங்கோ, ஆளில்லாத அறையில், தானாக எடுக்கப்பட்டிருக்கும்.

6

புதன்கிழமை காலை கொழுந்தன் துடைப்ப அறையிலிருந்து கூவினான்.

"அண்ணி! ஓடி வாங்க! வாளிய தாண்டி வாங்க!"

திரையில் ஒரு படகு. பெட்டிக்காரர்களே தயாரித்து, போன வாரம் வெளியிட்ட படகு கேம். ஊரெல்லாம் அதைத்தான் விளையாடிக்கொண்டிருந்தது.

"கன்ட்ரோலரப் பாருங்க."

அது கவிழ்த்து வைத்த வாளியின்மேல், விளக்கு அணைந்து கிடந்தது.

"அணைஞ்சு எவ்வளவு நேரமாச்சு தெரியுமா? படகு பாட்டுக்குப் போய்க்கிட்டே இருக்கு. அறிவிப்பு வந்துச்சா? பலகை வந்துச்சா? 'திரும்ப இணைங்க'ன்னு எவனாவது சொன்னானா?"

அண்ணி பார்த்தாள். படகு ஒரு வளைவில் திரும்பி, மரங்களுக்கு நடுவே அமைதியாகப் போனது. அழகாகத்தான் இருந்தது.

"இவங்களுக்கு மட்டும் டெஸ்டிங் பிரிவு லீவா?"

"கத்தாதடா. நாக்குல நரம்பில்லாம..."

"கத்துவேன்! வீட்டுப் பிள்ள சுவத்த இடிச்சு ஜன்னல் வெப்பான், நாம ஒரு ஆணி அடிக்கக் கூடாதா?"

(இது என்னுடைய உவமை. இரண்டாம் பகுதியில் நான் உங்களுக்குச் சொன்னது. இவன் கைக்கு எப்படிப் போனதென்று தெரியவில்லை. போகட்டும், நன்றாகத்தான் பொருந்துகிறது.)

இனி என்ன ஆகலாம்? மூன்று முடிவுகள் என் மேசைமேல் இருக்கின்றன.

ஒன்று. கொழுந்தன் படகையும் தன் ஃபெயிலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படமெடுத்து ஊருக்கெல்லாம் காட்டுகிறான். ஒரே பரபரப்பு. பெட்டிக்காரர்கள் வருத்தம் தெரிவிக்கிறார்கள். படகுக்கும் அறிவிப்புப் பலகை வைத்துவிடுகிறார்கள். நியாயம் வென்றது, இரண்டு கேம்களும் கெட்டன.

இரண்டு. அண்ணி பலகையை ஒட்டி அனுப்புகிறாள். பாஸ். முதல் பக்கம். கொழுந்தன் தொழிலை விட்டுவிட்டுக் கீழே போர்வை மடிக்கப் போகிறான். (இதை எழுதிவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன். பிறகு அடித்துவிட்டேன்.)

மூன்று. [பெட்டிக்காரர்களின் தலைவர் ஒரு நாள் தற்செயலாக 'மடிப்பு' விளையாடி, கண் கலங்கி]

தற்செயலாகவாம்! என் வயதுக்கு இது அழகா?

7

மூன்றும் சரிப்படாதபோது ஒன்று உறைத்தது. இந்தக் கதையில் பெட்டிக்காரி நான்தான். அண்ணிக்கு ஒரு விளக்கத்துக்கு மூன்று பத்தி கொடுக்கிறேன், கொழுந்தன் என் உவமையைத் திருடினால் சிரித்துக்கொண்டு விடுகிறேன். அவர்கள் வீட்டுப் பிள்ளைகள். வாசல்காரர் வாய் திறக்கும்போதெல்லாம் 'இவர் வில்லனா இல்லையா' என்று எடை போடுகிறேன். கதைக்கு வெளியிலிருந்து வந்தவர் என்பதற்காக அவருக்கு மட்டும் டெஸ்டிங்.

சரி, அவருக்கு ஒரு விலக்கு. அவரைத் திரையிலிருந்தும் செடியிலிருந்தும் எடுத்து, வீட்டு மாடிப்படியில் உட்காரவைக்கிறேன், தொலைபேசியோடு. பாப்பாவுக்குக் காய்ச்சல் இறங்கிவிட்டது. அதை நான் கொடுக்கலாம், கொடுத்துவிட்டேன்.

வியாழக்கிழமை மதியம் அண்ணி அவரை அழைத்தாள்.

"சார், விலக்கு?"

"ரெண்டு தடவ கேட்டேன் மேடம். வெளியாருக்கு இல்லன்னுட்டாங்க."

"படகுக்கு உண்டு."

"பாத்துட்டீங்களா?" என்றார், சின்னக் குரலில்.

"பாத்தோம். நல்லாருக்கு. சண்டைக்கு வரல சார். ஒண்ணு கேக்கறேன். நான் முன்ன ஏர்போர்ட் கவுன்டர்ல இருந்தேன், சொல்லியிருக்கேனா?"

"இல்லையே."

"எடை கூடினா விட மாட்டேன். அழுதாலும் விட மாட்டேன். ஆனா சில பேரு ஒரு பக்கமா நகந்து போயி, பையில இருக்கற புத்தகத்தயெல்லாம் எடுத்துக் கோட்டுப் பாக்கெட்டுல திணிச்சுக்கிட்டு வருவாங்க. ஆளு பூசணிக்கா மாதிரி இருப்பாங்க. பைய எடை போடுவேன், சரியா இருக்கும், அனுப்பிடுவேன். ஏன்னா பையத்தான் எடை போடணும்னு ரூல். கோட்டப் பத்தி ரூல்ல ஒண்ணுமே கிடையாது."

மறுபக்கம் சிரிப்புச் சத்தம் கேட்டது. கவுன்டர் சிரிப்பு இல்லை. மூக்கால் வந்த நிஜச் சிரிப்பு.

"உங்க ரூல்ல கோட்டு எங்க இருக்கு சார்?"

"மேடம், அத நான் சொல்லக் கூடாது."

"சொல்ல வேணாம். ரூல மட்டும் படிங்க. நான் கேட்டுக்கறேன்."

அவர் படித்தார். கதை சொல்பவர்போல நிறுத்தி நிறுத்திப் படித்தார். கன்ட்ரோலர் துண்டிக்கப்பட்டால் ஆட்டம் நிற்க வேண்டும். துண்டிக்கப்பட்டதை விளையாடுபவருக்குச் சொல்லாலும் எழுத்தாலும் தெரிவிக்க வேண்டும். மீண்டும் இணைத்தால் விட்ட இடத்திலிருந்தே தொடர வேண்டும்.

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான்."

"யாரு தெரிவிக்கணும்னு போட்டிருக்கா?"

படிக்கட்டில் அவர் எழுந்து நிற்கிற சத்தம் எனக்கே கேட்டது.

"போடல மேடம்" என்றார் வாசல்காரர். "யாருன்னு போடவே இல்ல."

8

"அவளேவா?" என்றான் கொழுந்தன்.

"அவளேதான். பலகை வேணாம். போர்வைய பிடிச்சுக்கிட்டு நிக்கிறா இல்ல, அவளே சொல்லட்டும், உன் முனை விழுந்துடுச்சுன்னு. அவ பேசறதுதான் கீழ எழுத்தாவும் வருதே. ஓரத்துல பொடி எழுத்துல அவங்க கன்ட்ரோலரோட பேரயும் போட்டுட்டா வாயே தெறக்க மாட்டாங்க."

கொழுந்தன் வாளிமேல் உட்கார்ந்து யோசித்தான். அவன் யோசிப்பது அண்ணிக்குப் பிடிக்கும். அந்த நேரத்தில் மட்டும்தான் வாய் மூடியிருக்கும்.

"சரி வராது, அண்ணி."

"ஏன்?"

"நிக்கணும்னு ரூல். என் கதையில அவ போகணும். நின்னுட்டான்னா எப்படிப் போவா? முனையப் பிடிச்சுக்கிட்டு அப்படியே காலம் பூரா நிப்பாளா? அவங்க ரூலு என் கதைய எழுதுது, அண்ணி. அது உங்களுக்குத் தெரியலையா?"

தெரியாமல் என்ன? அவளுக்குத் தெரிந்துதான் இருந்தது. கீழே மெஷின் ஒன்று நின்றது. போர்வைகளை உதறும் சத்தம் மேலே வந்தது. படபடவென்று, பெரிய பறவை எதுவோ கிளம்புவதுபோல.

"ஏன்டா," என்றாள் மெதுவாக, "கன்ட்ரோலர கீழ வெச்சுட்டு, அவ நிக்கறத கொஞ்ச நேரம் பாத்துக்கிட்டிருப்பாங்க. பெறகு என்ன பண்ணுவாங்க?"

"என்ன பண்ணுவாங்க, பெட்டிய அணைச்சுட்டுப் போயிடுவாங்க."

"அப்ப அவளும் போயிடுவாதானே?"

கொழுந்தன் நிமிர்ந்தான்.

"கன்ட்ரோலர் அணைஞ்சா என்ன நடக்கணும்னு ரூல் இருக்கு. பெட்டியே அணைஞ்சப்புறம் பெட்டிக்காரங்க ரூலு ஏது? அதுக்கப்புறம் அந்தக் கூடத்துல அவளும் போர்வையும்தான். அவ இஷ்டம்."

"அத யாரு பாப்பாங்க?"

"அவ போறதுக்குத்தானேடா அவங்களக் கைய எடுக்கச் சொன்னே, பாக்கறதுக்கா?"

அவன் எழுந்து, கவிழ்த்த வாளியை நிமிர்த்தி, துடைப்பங்களைச் சுவரோரம் சாய்த்து, பதிவுக்கருவியை அலமாரித் தட்டில் வைத்தான். அண்ணி நிற்க இடம் ஏற்பட்டது.

*

முடிவு நல்லதா, சமாதானமா என்று நீங்கள் கேட்பீர்கள். எனக்கும் கேட்கத் தோன்றுகிறது. அந்த ரூல் இல்லாதிருந்தால் அவள் கதவைத் திறந்து போயிருப்பாள், அழகாக. இப்போது நிற்கிறாள். நிற்பதில் ஒன்று கூடியிருக்கிறதா, குறைந்திருக்கிறதா? கொழுந்தன் தோற்றானா? படகுக்குக் கிடைத்த ஜன்னல் இவர்களுக்குக் கிடைக்கவில்லை என்பது அப்படியேதான் இருக்கிறது. கோட்டுப் பாக்கெட்டில் எத்தனை புத்தகம் திணித்தாலும் அது மாறாது. ஆனால் அந்த மாடியில் இப்போது யாரும் கத்தவில்லை. டப்பாவில் மதியச் சாப்பாடு பாதி மிச்சம் இருக்கிறது. வெள்ளிக்கிழமைக்கு இன்னும் பொழுது இருக்கிறது. பாஸா ஃபெயிலா என்று நான் எழுதப் போவதில்லை. அந்த அறையில் ஆளில்லை, போய்க் கேட்க.

என் திரைச்சீலைகளை வாங்க நாளைக்குப் போக வேண்டும். அண்ணாந்து பார்க்க மாட்டேன் என்று சத்தியமாகச் சொல்ல முடியாது.

*

துடைப்ப அறையின் கதவைக் கொழுந்தன் சாத்தினான். காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டான். அண்ணி தொண்டையைச் செருமினாள்.

"கவுன்டர் குரல் வேணாம், அண்ணி."

"தெரியும்டா."

"எழுதி வெச்சிருக்கீங்களா?"

"எதுக்கு? இது என்ன புதுசா?"

கைகள் சும்மா இருந்தால் குரல் வராதென்று, தட்டிலிருந்த பழைய துணியொன்றின் இரு நுனிகளைப் பிடித்துக்கொண்டாள். எதிரே தொங்கிய பக்கம் தரையைத் தொட்டது. கொழுந்தன் கையை உயர்த்தி, இறக்கினான்.

அண்ணி சொன்னாள்:

"உங்க முனை கீழ விழுந்துடுச்சு. என் முனைய நான் பிடிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன், விட்ட மடிப்புலேருந்தே ஆரம்பிக்கலாம். எடுக்கறீங்களா, இல்ல நான் கிளம்பட்டுமா?"